ஞானம்பாளுக்கு இரண்டு மொட்டை

செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கோவிந்தராஜின் மனைவி ஞானம்பாளுக்கு அந்த வீட்டில் யாரும் முழு டம்ளர் காபி கொடுப்பதில்லை. பாலுக்குப் பஞ்சமும் இல்லை, மருமகள் கொடுமைக்காரியும் இல்லை. நிறையக் கொடுத்தால் பாதி புடவைக்குத்தான் போகும். அதனால் அரை டம்ளர். வேண்டுமென்றால் குடித்துவிட்டு இன்னொரு அரை வாங்கிக்கொள்ளலாம். அந்த இன்னொரு அரையை ஞானம்பாள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று நினைக்கும்போது மருமகள் ஜெயஸ்ரீ ஏதாவது வேலையாக இருப்பாள். வேலை இல்லாமல் நின்றாலும் இருப்பதுபோலவே ஞானம்பாளுக்குத் தோன்றும்.

நடுக்கம் முதலில் வலது கையில்தான் வந்தது. சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்பில் கன்னத்தில் சந்தனம் தடவப்போய் கண்ணில் ஈஷிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அடுத்த விசேஷத்தில் ஆரத்தித் தட்டைப் பிடிக்கச் சொன்னபோது, இடுப்பு வலி என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் பந்தியில் உட்காருவதும் நின்றுபோனது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மடியிலும் பக்கத்து இலையிலும் பருக்கை சிந்தும். எதிரே இருப்பவர் பார்க்காத மாதிரி இருப்பார். அந்தப் பார்க்காத மாதிரிதான் அவளுக்குத் தாங்காது. வீட்டிலும் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். ஜெயஸ்ரீ ஒரு ஸ்பூன் வாங்கிக் கொடுத்தாள். அது பல்லில் டகடகவென்று அடித்தது. அந்தச் சத்தத்துக்குக் கையால் தின்று சோறு சிந்துவதே தேவலை என்று விட்டுவிட்டாள்.

கைக்குப் பிறகு தலை ஆடத் தொடங்கியது. இடமும் வலமுமாக, வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதுபோல. கீரைக்காரி அவள் பேரம் பேசுகிறாள் என்று நினைத்து, "சரி விடும்மா, ஒரு கட்டு கூட எட்துக்கோ" என்று தானாகவே போடுவாள். இந்த வியாதியால் கிடைத்த லாபம் அது ஒன்றுதான். ரேஷன் கடை மெஷினில் விரல் நிற்காது. வைத்து வைத்துப் பார்த்து, பின்னால் நிற்பவர்கள் "பெரீம்மா, கெட்டியாப் புடி" என்று கத்தி, கடைசியில் கோவிந்தராஜ் கடையை விட்டு வந்து தன் விரலை வைப்பார். பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றார்கள். பிளஸ் டூ படித்தவள் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள்.

ஊரில் இதற்கு ஒரே பெயர்தான், நரம்புத் தளர்ச்சி. பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார்கள், தேன் சாப்பிடச் சொன்னார்கள். பாண்டிச்சேரி பெரிய டாக்டர்தான் இது வேறு, பரம்பரையாக வரும் நடுக்கம் என்று சொன்னார். அவர் கேட்ட கேள்வி ஒன்று கோவிந்தராஜைத் தூக்கிவாரிப் போட்டது.

"கொஞ்சம் ஆல்கஹால் எடுத்தா நடுக்கம் குறையுதா? சில பேருக்குக் குறையும், அதுக்காகத்தான் கேக்கறேன்."

"இன்னா சார் கேக்கறீங்க? அவளுக்குப் பழக்கமே இல்ல சார்!"

ஞானம்பாள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். அனந்தபுரத்தில் அவளைப் பெற்ற நைனாவுக்கும் வயதான காலத்தில் கை ஆடும். குடிகாரன் என்றே ஊர் பேசியது. ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனிதர். இப்போது சொல்லலாம் என்றால் அவர் இல்லை, பேசியவர்களில் முக்கால்வாசிப் பேரும் இல்லை.

மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றைப் போட்டால் மூச்சு இரைத்தது. இன்னொன்றைப் போட்டால் பகலெல்லாம் தூக்கம். தூங்கும்போது கை ஆடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்காகத் தூங்கிக்கொண்டே இருக்க முடியுமா? "எப்டிம்மா இருக்குது?" என்று மகன் பிரசாந்த் கேட்டால், "ஒண்ணுமில்ல, பரவால்ல" என்பாள். எதைக் கேட்டாலும் அவளுக்கு அதுதான் பதில்.

கத்தி வைக்காமல் இந்த நடுக்கத்தை நிறுத்தலாம் என்ற விஷயத்தை பிரசாந்த்தான் கொண்டுவந்தான். வீடுகளுக்கு வயரிங் செய்துகொடுப்பவன். வேலைக்குப் போன இடத்தில் யாரோ சொல்லி, போனில் தேடி, சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தான். தலையை என்னென்னவோ படம் எடுத்தார்கள். பிறகு டாக்டர் வெண்மதி என்ற பெண் கணவன், மனைவி, மகன் மூன்று பேரையும் உட்காரவைத்து கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஜெயஸ்ரீயைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். திரையில் நீலமும் பச்சையும் ஆரஞ்சுமாக நூல்கண்டு பிரிந்து கிடப்பதுபோல ஒரு படம்.

"இது உங்க மூளைதாம்மா. மூளைக்குள்ள சேதி போற வழியெல்லாம் இப்படி நூல் நூலா எடுத்துக் காட்டும். இந்தப் பச்சை வழியாத்தான் உங்க நடுக்கம் போகுது. இதுல ஒரு புள்ளியைச் சுட்டுட்டோம்னா வலது கை ஆடறது நின்னுடும். ஆனா பாருங்க, ஒட்டினாப்ல இந்த நீலம் கை காலுக்கு வலு குடுக்கறது. இந்தப் பக்கம் ஆரஞ்சு, தொட்டா தெரியற உணர்ச்சி. ரெண்டுக்கும் நடுவுல மிளகு அளவுக்குத்தான் இடம்."

"எப்டி மேடம் சுடுவீங்க? மண்டையத் தொறந்தா?" என்றார் கோவிந்தராஜ்.

"தொறக்க மாட்டோம் சார். வயித்துல புள்ளைய ஸ்கேன் பண்றோமே, அந்த மாதிரி ஒலி அலைதான். நூத்துக்கணக்கான பக்கத்துலேருந்து அனுப்பி ஒரே புள்ளியில சேத்தா அங்க மட்டும் சூடாகும்."

"வெயில்ல லென்ஸ் வெச்சு பேப்பரக் கொளுத்தற மாதிரி, நைனா," என்றான் பிரசாந்த்.

"அதேதான். முன்னாடியெல்லாம் பொதுவான அளவை வெச்சுக் குறி பாப்பாங்க. ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு மாதிரி. இப்ப அவங்கவங்க படத்தையே வெச்சுப் பாக்கறோம். இன்னொண்ணு, மண்டை ஓடு ஒலிய உள்ள விடணும். எல்லாருக்கும் விடாது. அம்மாவுக்கு எலும்பு நல்லா கெட்டியா, ஒரே சீரா இருக்கு."

"அவ மண்டை கெட்டின்னு எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்," என்றார் கோவிந்தராஜ். டாக்டர் சிரித்துவிட்டாள். ஞானம்பாளின் தலை வேண்டாம் வேண்டாம் என்று ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஆரஞ்சு நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகு அளவு தவறிப்போனால் ஆடுகிற கையும் இல்லாமல் போகும். ஆடினாலும் அந்தக் கைதான் இத்தனை நாள் பாத்திரம் தேய்த்தது, பூ தொடுத்தது.

"தலை முடி முழுசா எடுக்கணும்மா. அன்னிக்குக் காலையில நாங்களே எடுத்துடுவோம்," என்றாள் டாக்டர். முடி எடுக்கணும் என்பது மூன்று பேர் காதிலும் விழுந்தது. நாங்களே என்பது ஒருவர் காதிலும் விழவில்லை.

சேதி கேட்டு பனமலையிலிருந்து கோவிந்தராஜின் அக்கா நாகம்மாள் பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"ஏண்டி ஞானம், ஒனக்கு மொத மொத கை ஆடுனப்பவே பச்சையம்மனுக்கு முடி தரன்னு நான் வேண்டிக்கினனே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது அண்ணி."

"எத்தினி வருஷமாச்சு? குடுத்தியா? எப்டியும் மழிக்கப் போறாங்க. ஆஸ்பத்திரிக் குப்பையில போற முடிய அம்மாளுக்குப் போட்டா ஆகாதா? ஒரே செலவு, ரெண்டு வேலை."

மறுக்க முடியாத கணக்கு. குப்பைக்குப் போவது கோயிலுக்குப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? போனில் பார்க்காத எதையும் லேசில் நம்பாத பிரசாந்த்கூட, "அதுவும் கரெக்ட்தான்" என்றான். ஞானம்பாளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் நன்றாக இருக்கும்போது ஒரு பெண் பிள்ளை மொட்டையோடு பஜாரில் நடந்தால் ஆளுக்கு ஆள் என்ன ஏது என்று நிறுத்திக் கேட்பார்கள். மூளையில் வைத்தியம் என்றால், புத்தி பேதலித்துவிட்டதா என்று அடுத்த கேள்வி வரும். குலதெய்வத்துக்கு முடி இறக்கினேன் என்றால் ஒருவரும் மேலே கேட்கமாட்டார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்தினம் ஏரிக்கரைப் பச்சையம்மன் கோயிலில் மொட்டை. முடி எடுக்க வந்த பெரியவர் இரண்டு கை தண்ணீர் அள்ளித் தெளித்து, கத்தியை வைத்ததும் நிறுத்தினார்.

"ஆடாம உக்காரும்மா."

"நான் ஆடலைங்க. அது ஆடுது."

"அப்ப அதுக்குச் சொல்லு."

நாகம்மாள் கன்னம் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கப் பிடிக்கத் தலை இன்னும் அதிகமாக ஆடியது. யாராவது உற்றுப் பார்த்தாலே கூடுகிற நடுக்கம், பிடித்தால் சும்மா இருக்குமா? பெரியவர் பாவம், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்துத்தான் மழித்தார். அப்படியும் உச்சியில் ஒன்று, காதுக்கு மேலே ஒன்று, பின்மண்டையில் ஒன்று என்று கீறிவிட்டது. ரத்தம் வந்த இடத்தில் சந்தனத்தை அப்பினார்கள். "அம்மாளுக்கு ரத்தக் காணிக்கையும் சேந்துபோச்சு, இனிமே ஒனக்குக் கொறையே இல்ல," என்றாள் நாகம்மாள். எரிகிறதா என்று ஜெயஸ்ரீ கேட்டதற்கு ஞானம்பாள் சொன்னாள், "ஒண்ணுமில்ல."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் வெண்மதி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தாள். ஒவ்வொரு கீறலாகக் குனிந்து பார்த்தாள்.

"யாரும்மா எடுத்தா?"

"கோயிலுக்கு வேண்டுதல் இருந்துது..."

"நாங்களே எடுப்போம்னு சொன்னேனே." கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். அதுதான் கோபத்தைவிட மோசமாக இருந்தது. "ஒலி தோல் வழியாத்தான் உள்ள போகணும். புண்ணு மேல போனா அந்த இடம் பொசுங்கிடும். சூடு தணிய தலைக்கு மேல தண்ணி வேற விடுவோம், புண்ணுல சீழ் பிடிச்சுக்கும். ஆறட்டும். இன்னிக்கு முடியாது. அடுத்த மாசந்தான் மெஷின் கிடைக்கும்."

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி செஞ்சி பஸ்ஸுக்கு நின்றபோது கோவிந்தராஜ் டீ வாங்கி வந்தார். தனக்கும் மகனுக்கும் முழு கிளாஸ், அவளுக்கு அரை கிளாஸ். வாங்கும்போது கடைக்காரரிடம் பாதி ஊத்துப்பா என்று அவர் சொன்னது இவ்வளவு தூரத்துக்குக் கேட்டது. வெயில் மொட்டைத் தலையில் நேராக இறங்கியது. இந்த வயதில் ஒரு நாளுக்கு இவ்வளவு போதும் என்று ஞானம்பாளுக்கு இருந்தது.

ஊருக்கு வந்தால், அவள் பயந்தது ஒன்று, நடந்தது வேறு. பாத்திரக்கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் மொட்டையைப் பார்த்து பக்தியோடு கேட்டார்கள். "வேண்டுதலா? நெறவேறிடுச்சா?" கேட்டுவிட்டு ஆடுகிற கையைப் பார்ப்பார்கள். பதில் சொல்லாமலே தலை இல்லை இல்லை என்று ஆடும். ஒருத்தி, "அம்மா கொஞ்சம் லேட்டாத்தான் கண்ணத் தொறப்பா," என்று ஆறுதல் சொன்னாள். வீட்டில் பிரசாந்த் அத்தையைக் குறை சொன்னான். நாகம்மாள் போனிலேயே, "தெய்வத்துக்குச் செஞ்சது தப்பாடா? அவ ஆடாம இருந்தா கீறுமா?" என்று கத்தினாள். ஆடாமல் இருந்தால் ஆஸ்பத்திரியே தேவையில்லையே என்று யாரும் சொல்லவில்லை.

புண் ஆறியது. தலையில் வெள்ளையும் கறுப்புமாக முள் முளைத்தது. அடுத்த தேதி நெருங்கியபோது ஞானம்பாள் ஒரு காலையில், கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்த ஜெயஸ்ரீயிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நான் போவல ஜெயா. இப்டியே இருந்துட்டுப் போறேன். பழகிப்போச்சு. ஒண்ணும் கஷ்டமில்ல."

ஜெயஸ்ரீ கத்தியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, ஒங்களுக்கு வாணாம்னா வாணாம், நான் கட்டாயப்படுத்தல. ஆனா கஷ்டமில்லன்னு மட்டும் சொல்லாதீங்க. கதவ சாத்திக்கினு செவுத்தப் பாத்துத் துன்றீங்க, ஒங்க பின்னாடி தரையத் தொடைக்கறது நானு. அரை அரையா ஊத்தி ஊத்தி எனக்கே சலிச்சுப்போச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இன்னும் கொஞ்சம் ஊத்துடின்னு கேட்டீங்களா? நீங்க எதையும் சொல்லமாட்டீங்க, நாங்களா கண்டுபுடிக்கணும். டென்ஷனா இருக்குது அத்தை."

சொல்லிவிட்டு கத்தரிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்துவிட்டாள். ஞானம்பாளுக்கு வலித்தது. ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது. சாயங்காலம் பிரசாந்த் வந்ததும், எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று கேட்டாள்.

இரண்டாவது மொட்டையை ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி மெஷின் வைத்து, புல் வெட்டுவதுபோல ஓட்டி எடுத்தாள். ஒரு கீறல் இல்லை. பிறகு நாலு இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, நெற்றியிலும் பின்மண்டையிலும் திருகாணி வைத்து ஓர் இரும்பு வளையத்தைத் தலையோடு முடுக்கினார்கள். மேலே ரப்பர் தொப்பி போல ஒன்று. அதற்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடியது. வளையத்தைப் படுக்கையோடு பூட்டியபோது ஞானம்பாளுக்கு ஒன்று தெரிந்தது. தலை ஆடவில்லை. இத்தனை வருஷத்தில் விழித்திருக்கும்போது அவள் தலை வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பது இப்போதுதான்.

"மயக்கம் குடுக்க மாட்டோம்மா. நீங்க முழிச்சிருக்கணும்," என்றாள் டாக்டர் வெண்மதி. "மொதல்ல லேசாச் சுடவெச்சுப் பாப்போம். அது தானா சரியாயிடும். அப்ப எங்கயாவது மரத்துப்போச்சு, இழுக்குது, நாக்கு குழறுதுன்னா ஒடனே சொல்லணும். சின்னதா இருந்தாலும் சொல்லணும். படத்துல தெரியாதது ஒங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொன்னாத்தான் நான் எடத்த நகத்துவேன்."

படம் எடுக்கும் குழாய்க்குள் தள்ளினார்கள். சுத்தியலால் தகரத்தை அடிப்பதுபோலச் சத்தம். தலைக்குள் எங்கோ சூடு ஏறி இறங்கியது. வெளியே இழுத்து ஒரு பேனாவைக் கையில் கொடுத்து, அட்டையில் சுழி போடச் சொன்னார்கள். நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வரவேண்டும். கோழி கிளறியது போலத்தான் இருந்தது, ஆனால் காலையில் சோதனைக்குப் போட்ட சுழியைவிடத் தேவலை. மறுபடி உள்ளே. இந்த முறை சூடு ஏறும்போது வலது கட்டைவிரலில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்து, உதட்டு ஓரம் மரத்துக்கொண்டு வந்தது.

டாக்டர் குனிந்து கேட்டாள். "ஏதாவது தெரியுதாம்மா?"

"ஒண்ணுமில்லம்மா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. டாக்டர் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். அந்தப் பெண்ணும் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள். வெளியே இரண்டு பேர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு கட்டைவிரலுக்காக எல்லாரையும் நிறுத்தணுமா? ஞானம்பாள் கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் ஆரஞ்சு நூல் தெரிந்தது. அடுத்தது நிஜமான சூடு. அது தானாகச் சரியாகாது. டென்ஷனா இருக்குது அத்தை என்று ஜெயஸ்ரீயின் குரலும் கூடவே கேட்டது.

"டாக்டரம்மா."

"சொல்லுங்க."

"கட்டவெரலு மரத்துப்போச்சு. ஒதடும். அப்பவே ஆச்சு... நான்தான் சொல்லல."

டாக்டர் கோபிக்கவில்லை. "இப்ப சொன்னீங்களே, அது போதும்," என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே இரண்டு மூன்று பேர் திரையைப் பார்த்துப் பேசிக்கொள்வது தெரிந்தது. குறியை இம்மியளவு நகர்த்தினார்கள். மறுபடி லேசான சூடு. கட்டைவிரல் அவளுடையதாகவே இருந்தது. அதற்கப்புறம்தான் பெரிய சூடு வந்தது. மண்டையைப் பிளப்பதுபோல வலித்தது, வயிற்றைப் புரட்டியது. "வலிக்குதும்மா" என்று சத்தமாகவே சொன்னாள். ஒரு நர்ஸ் காலைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் பேனாவைக் கொடுத்தார்கள். சுழி போட்டாள். சுற்றிச் சுற்றி வெளியே வந்தது, கொசுவர்த்திச் சுருள் மாதிரி. ஞானம்பாள் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

வீடு திரும்பிய பிறகு எல்லாமே சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சுவரைப் பிடித்துத்தான் நடக்கவேண்டியிருந்தது. இதெல்லாம் சில வாரத்தில் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். இடது கை பழையபடிதான். ஒரு பக்கத்துக்குத்தான் இப்போது செய்வார்கள். இரும்பு வளையத்தைக் கழற்றியதும் தலை மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது, முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. நாகம்மாள் வந்து வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் சொல்லல? பச்சையம்மா உட்ருவாளா?" என்றாள். பிரசாந்த் வாயைத் திறந்தான். ஞானம்பாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

அந்தச் சாயங்காலம் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஜெயஸ்ரீ காபி கொண்டுவந்தாள். கைப்பழக்கம், ஞானம்பாளின் டம்ளரில் பாதிதான் இருந்தது. வைத்துவிட்டுத் திரும்பியவளை ஞானம்பாள் கூப்பிட்டாள்.

"ஜெயா, இன்னாடி பாதிதான் இருக்குது? ரொப்பு."

ஜெயஸ்ரீ ஒரு நொடி நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரத்தோடு வந்து, நுரை விளிம்பு தட்ட ஊற்றினாள். ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள். கோவிந்தராஜ் பேப்பரைக் கீழே வைத்தார். ஞானம்பாள் வலது கையால் டம்ளரை எடுத்தாள். காபி ஆடவில்லை. தலைதான் லேசாக ஆடியது, உதடு டம்ளரைத் தேடிப் பிடித்தது. சூடாகக் குடித்தாள். இரண்டு வாய், மூன்று வாய், இன்னும் கொஞ்சம்.

பாதிக்கு மேல் இறங்கவில்லை. வயிறு அரை டம்ளருக்கே பழகிப்போயிருந்தது.

"போதும்," என்று மீதியைக் கணவர் பக்கம் நீட்டினாள். "இந்தாங்க, நீங்க குடிங்க. சக்கரை கம்மியாத்தான் இருக்குது."

கோவிந்தராஜ் உடனே வாங்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாக்கறீங்க? கை வலிக்குது, வாங்குங்க," என்றாள் ஞானம்பாள்.